எச்சில் சாமை

மலைமேல் வாழவந்தியில் மருதாயி நிலத்துச் சாமைக் கதிர்கள் ஈவ்லின் இருக்கும் திசைக்கே சாயும். அவள் நாகலூர் வீட்டில் இருந்தால் நாகலூரைப் பார்க்கும். சேலத்துக்கு பஸ் ஏறினால் ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சமாகத் திரும்பி, அடிவாரம் பார்த்து நிற்கும். காரணம் ஊருக்கே தெரியும். ஈவ்லினும் அவள் கணவன் சத்யராஜும் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார்கள். அவனுக்கு எருவும் பயிர் இடைவெளியும். அவளுக்கு அந்தத் தானியம் உடம்புக்குத் தரும் சத்து. விதைக்கும் முன் விதை நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சாமையைக் கடித்துத் துப்புவது வழக்கம். ஈவ்லின் கடித்ததை மருதாயியின் விதைக் கூடையிலேயே போட்டாள்.

"எச்சி விதைய வெதச்சா பயிருக்கு உங்க நெனப்பாவே இருக்குமுங்க அம்மிணி" என்றாள் மருதாயி.

"இருக்கட்டுங்க. இவரு நெனப்பெல்லாம் எருக்குழிலதான் இருக்குது."

கடித்த விதை முளைக்காது என்றான் சத்யராஜ். முளைத்தது.

அந்த ஆண்டே ஈவ்லினுக்குக் கல்லீரலில் கட்டி வந்தது. நரம்பில் ஏற்றிய மருந்து உடம்பெல்லாம் சுற்றி முடியை உதிர்த்தது, வாயைப் புண்ணாக்கியது, கட்டியை மட்டும் தொடவில்லை. அந்தச் சாமைக் கஞ்சி ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. பாதி குடிப்பாள், மிச்சத்தை அதே டம்ளரில் சத்யராஜ் குடிப்பான். நான் இருக்கும் இடம் தெரிந்த தானியத்துக்குக் கட்டி இருக்கும் இடமும் தெரியும் என்று அவள்தான் யோசித்தாள். சேலத்து ஆய்வகத்தில் அந்த மாவுக்குள் மருந்தைப் பொதிந்து மாத்திரையாக்கினார்கள். மருந்து நேராகக் கட்டிக்குப் போனது. கட்டி சுருங்கியது, முடி சுருட்டையாக வளர்ந்தது. மற்ற நோயாளிகளுக்கு அந்த மாத்திரை பலிக்கவில்லை. ஓர் ஆண்டு விளைச்சல், அவளுக்கு ஓர் ஆண்டு மருந்து. அப்படிச் சில ஆண்டுகள் போயின.

பிறகு ஓர் ஐப்பசியில், அறுவடைக்கு முன், காட்டெருமைகள் இறங்கி விதைக்குக்கூட வைக்காமல் மேய்ந்துவிட்டன. மறுநாள் காலை அவை நாகலூர் வந்து ஈவ்லின் வீட்டைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. வனத்துறையினர் பட்டாசு வெடித்தும் நகரவில்லை. பஸ்ஸை வேறு வழியாகச் சுற்றி விட்டார்கள்.

"மருந்தத் தின்னுட்டு மூஞ்சியப் பாரு" என்று ஈவ்லின் ஜன்னலில் இருந்து அவற்றைத் தினமும் திட்டினாள். தையில் இறந்தாள். கல்லறை வரை கூட வந்துவிட்டு அவை காட்டுக்குத் திரும்பின. சத்யராஜ் மறுநாள் வேலைக்குப் போனான்.

மழை வந்ததும் வீட்டு முன்னால் சாணத்தில் சாமை முளைத்தது. மருதாயி நாற்றைப் பிடுங்கிக்கொண்டுபோய்த் தன் நிலத்தில் நட்டாள். கதிர் வந்ததும் அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாம் அவன் பக்கமே சாய்ந்திருந்தன. காற்று என்றான்.

"ஏனுங்க தம்பி, காத்து எங்கீங்க அடிக்குது? அந்தம்மிணி வெச்ச மிச்சத்தையெல்லாம் நீங்கதானுங்களே குடிச்சீங்க."

அவன் வரப்பின் அந்தக் கோடிக்கு நடந்துபோனான். கதிர்களும் திரும்பின.

இப்போது ஆய்வகம் நோயாளிகளையே மலைக்கு அனுப்புகிறது. அவரவர் விதையை அவரவர் கடித்துக் கொடுக்கிறார்கள். கம்பி வேலிக்குள் ஒரு பாத்தி ஆத்தூரைப் பார்க்கிறது, ஒன்று தர்மபுரியை. ஈவ்லின் பாத்தி, சத்யராஜ் சேலம் போன நாட்களில், மாலையானதும் அவன் பஸ் மலையேறி வரும் குப்பனூர்ப் பாதைப் பக்கம் திரும்பும். அதைப் பார்த்து மருதாயி அவனுக்கும் சேர்த்து உலை வைப்பாள். சோறு வடிக்கும்போது பஸ் வந்து நிற்கும்.