தகவல் போதாது

டெர்லிஸ் ஓவெலாருக்குச் சம்பளம் தருவது தலைநகர் அசுன்சியோனில் ஒரு காப்பீட்டு அலுவலகம். ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவன் முதலில் சொல்வது இன்னொன்றை. பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று விட்டிருக்கும் ஒரு எழுத்துச் செயலி. அதற்கு வரும் புகார்களைத் தரம் பிரிப்பவன் அவன். ‘பிழை’, ‘அவசரம்’, ‘ஏற்கெனவே வந்தது’ என்று குறி போட்டு உரியவரிடம் தள்ளிவிட வேண்டும். கை வேகம் என்று குழுவில் நல்ல பேர்.

அன்று மதியம் வந்த புகாரை எழுதியவள் நீமியா, காசாபா பக்கத்துப் பள்ளி ஆசிரியை. பாதி ஸ்பானிஷ், பாதி அந்த மண்ணின் பழைய மொழியான குவாரானி. குவாரானியில் ஜி எழுத்தின் தலையில் அலை மாதிரி ஒரு கோடு வரும். செயலியில் அச்செடுத்தால் அந்தக் கோடு நகர்ந்து பக்கத்து எழுத்தின் மேல் ஏறிவிடுகிறது என்று படத்தோடு அனுப்பியிருந்தாள்.

டெர்லிஸுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. காசாபாதான் அவனுக்கும் ஊர். தலைநகரத்துப் பள்ளியில் சேர்ந்த புதிதில் அவன் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அவன் குவாரானி பேசியதில்லை. இந்த அரைகுறை ஸ்பானிஷை வெளிநாட்டுக்காரர்கள் படித்து, “உங்க ஊரா?” என்று கேட்பார்களே என்று அவனுக்குக் கூசியது. ‘தகவல் போதாது’ என்று குறித்துப் புகாரை மூடிவிட்டான்.

சனிக்கிழமை காணொளிக் கூட்டத்தில், குழுவை நடத்தும் கோர்தோபாக்காரி ரொசாவுரா அதையே எடுத்தாள்.

“டெர்லிஸ், உங்க நாட்டு டீச்சர் எழுதினத ஏம்ப்பா மூடின? படம் வேற இருக்கு. இதுக்கு மேல என்ன தகவல் வேணும்?”

“பாதி குவாரானில இருக்குக்கா. எனக்கு அது தெரியாது.”

“அப்படியா? தெரிஞ்சவங்க யாராவது கிடைப்பாங்களா?”

“தேடிப் பாக்கறேன்.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள்.

“டேய், தெரெரே குடிக்க ஐஸ் வெச்சிருந்தேனே, எங்கடா? நீதானே எடுத்து மென்ன?”

“நான் எதுக்கும்மா தொடப்போறேன்? கீழ்த்தட்டுல கறிக்குப் பின்னாடி பாரு. மீட்டிங்ல இருக்கேன், போம்மா!”

“மீட்டிங்காம் மீட்டிங்! வாயப் பாரு.”

அவள் போன பிறகுதான் மைக்கை அணைக்கவில்லை என்று பார்த்தான். அம்மாவும் பிள்ளையும் பேசியதில் ஒரு வார்த்தைகூட ஸ்பானிஷ் இல்லை, அத்தனையும் குவாரானி.

“தெரியாத மொழியில என்னமா சண்ட போடுறான்!” என்றான் சிலியிலிருந்து ஃபாபியான். எல்லோரும் சிரித்தார்கள். ரொசாவுரா சிரிக்கவில்லை. “சரி, அடுத்த புகாருக்குப் போகலாம்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கூட்டம் முடிந்து சமையலறைக்குப் போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“நான் வந்து நம்ம பாஷையில பேசினது உனக்கு அவமானமாப் போச்சாடா? தெரியாம வந்துட்டேன். இனிமே வரல.”

“அதில்லம்மா” என்றான். சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினான்.

புகாரைத் திரும்பத் திறந்து, ‘பிழை, அவசரம்’ என்று குறித்தான். நீமியா எழுதியதை முழுதாக மொழிபெயர்த்துக் கீழே போட்டான். அவளுக்குக் குவாரானியிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதினான். மறுநாள் பதில் வந்திருந்தது.

“பரவால்ல தம்பி. எனக்குத்தான் வெளக்கமாச் சொல்லத் தெரியலன்னு நெனச்சேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு நம்ம எழுத்து ஆகாது, கோடு இல்லாமலே எழுதிக்குங்கன்னு பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு மாத்திச் சொல்லிடறேன்.”

அதை இரண்டாவது முறை படிக்க அவனால் முடியவில்லை.

ஃபாபியான்தான் பிழையைச் சரிசெய்தான். புதிய பதிப்போடு வெளியிட ரொசாவுரா நன்றிக் குறிப்பு எழுதியபோது, மொழிபெயர்த்தவன் என்று டெர்லிஸின் பேரையும் சேர்த்திருந்தாள்.

“என் பேர எடுத்துடுங்கக்கா” என்று அவளுக்கு எழுதினான். “மொழி தெரியாதுன்னு பொய் சொன்னேன். அவங்க புகாரப் புரிஞ்சுக்கிட்டேதான் மூடினேன்.”

“தெரியும்ப்பா. இருந்தாலும் மொழிபெயர்த்தது நீதானே. எடுக்கணுமா?”

“எடுத்துடுங்க.”

அவள் எடுத்துவிட்டாள். நீமியாவின் பேரும் ஃபாபியானின் பேரும் மட்டும் இருந்தன.