மூடி திறக்காத பாட்டில்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. சாமித்துரைதான் எழுதச் சொன்னார். கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு மோட்டார் அடிக்கடி அவரிடம் போய் வரும். போன முறை அதைத் திருப்பித் தரும்போது சொன்னார்:

"அண்ணாச்சி, நானும் கற்பகமும் இமயமலைக்குப் போனத கதையா எழுதுங்க. ஒரே ஒரு வரி மட்டும் நான் சொல்லுத மாதிரி இருக்கணும்."

அந்த வரி பின்னால் வருகிறது.

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய சிகரங்கள் பொன்னிறமாக—'

அடித்துவிட்டேன். நான் பனிக்கட்டியைப் பார்த்தது ஃபிரிட்ஜில்தான்.

இரண்டாவது: 'மலையேறும் மனிதன் உண்மையில் தனக்குள்ளேயே—'

இதுவும் வேண்டாம். கற்பகம் படித்தால் சிரிப்பார்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கற்பகம் சாமித்துரையின் மனைவி. வீட்டில் தையல் வேலை. பெங்களூரில் இருக்கும் மகள் இந்துஜா, பெற்றோரின் கல்யாண நாளுக்கென்று உத்தராகண்டில் ஒரு மலையேற்றத்துக்குப் பதிவு செய்தாள். புதிதாக ஏறுகிறவர்களுக்கு எளிது என்று விளம்பரத்தில் இருந்ததாம். (எழுதியவர் அந்த மலையிலேயே பிறந்தவராக இருக்க வேண்டும்.)

கற்பகம் முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் கதிரேசன் கோவில் மலையில் ஏறி இறங்கினார். சாமித்துரை கேலி செய்தார். அவர் புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம்.

"ஆட்டுக்குப் பின்னால நடந்த காலுக்கு டிரெயினிங் எதுக்கு?"

3

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கரிசல் காட்டில் நிழல் கிடையாது. எட்டிப்போட்டு நடந்து வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதோடு சாமித்துரை வீட்டில் ஒரு வழக்கம்: ஆடு தண்ணீர் குடிக்கும்வரை மேய்ப்பவர் குடிக்க மாட்டார். ஊருணி வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு நடப்பார். மலையில் இரண்டுமே ஆகாது. ஏற ஏறக் காற்று மெலிந்துபோகும், அதனால் மெல்லத்தான் நடக்க வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, தெரியாவிட்டாலும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலில் பலம் உள்ளவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று வழிகாட்டி சொன்னாராம்.

சாமித்துரை எல்லாரையும் முந்திக்கொண்டு கடைசி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். கற்பகம் மூச்சு வாங்க, கடைசி ஆளாக வந்தபோது அவர் கூடாரத்து வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தலை தூக்க முடியாத வலி. வழிகாட்டி அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே கீழே இறக்க வேண்டும் என்றார். துணைக்கு ஓர் ஆள் போவார். கற்பகமும் கூட இறங்கலாம், இல்லையென்றால் தங்கி மறுநாள் உச்சிக்குப் போகலாம்.

கற்பகம் தங்கினார். மறுநாள் உச்சியில் நின்றார். சாமித்துரை கீழே போனதும் தேறிவிட்டார்.

4

ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். புருசனைப் பாதி மலையில் விட்டுவிட்டு ஏறினவள். மளிகைக் கடையில் ஓர் அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து கற்பகம் காலையில் கதிரேசன் மலைக்குப் போவதில்லை. சாமித்துரைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"'நீ போ, என்னை நான் பாத்துக்கிடுதேன்'னு நான் சொன்னதா எழுதுங்க, அண்ணாச்சி."

"சொன்னீங்களா?"

"சொன்ன மாதிரிதான்."

எழுதினேன். நன்றாகவே வந்தது. கற்பகத்திடம் படித்துக் காட்டினேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டவர், முடிந்ததும் சொன்னார்:

"அவிய ஒண்ணுமே சொல்லல. இந்த வரி வேண்டாம், அண்ணாச்சி. அவிய சொல்லித்தான் போனேன்னு எழுதுனா, நான் ஏறுனது எனக்கில்லாமப் போயிரும்."

"ஒண்ணுமேயா சொல்லல?"

"கீழ எறங்குதப்ப தண்ணி பாட்டில நீட்டுனாவ. வாங்கிப் பாத்தா நெறைய இருக்கு. ஒரு வாய் குடிக்கல, மனுசன். ஏறப் போறவளுக்குத் தாராவன்னு நெனச்சு, பையில வச்சிக்கிட்டேன்."

துணியை நீவிக்கொண்டே மேலே சொன்னார்.

"மேல போய் மூடியத் திறக்கேன், வெரல் மடங்க மாட்டேங்கு. அப்பத்தான் தோணுச்சு. அவியளுக்கும் வெரல் வெறச்சிருக்கும்லா? திறந்து தரச் சொல்லி நீட்டுனாவளோ என்னமோ."

"கேக்கலையா?"

"இல்ல. நீங்களும் கேட்டிராதீங்க."

5

முடிவு ஒன்று: சாமித்துரை 'நீ போ' என்கிறார். (கற்பகம் சம்மதிக்க மாட்டார்.)

முடிவு இரண்டு: கற்பகம் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, அவரோடு இறங்— (நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.)

மூன்றாவது முடிவுக்காகக் கடைக்கே போனேன். எங்கள் வீட்டு மோட்டாரில் இந்த முறை கோளாறு எதுவும் இல்லை. சாமித்துரை காயில் சுற்றிக்கொண்டிருந்தார், கையெல்லாம் பிசுபிசுவென்று வார்னிஷ். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"இப்பல்லாம் நேரத்துக்குக் குடிச்சிருதேன், அண்ணாச்சி" என்றார்.

கேட்கக் கூடாது என்று கற்பகம் சொன்னதால் நான் கேட்கவில்லை. வெயிலில் நடந்து வந்ததில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. சாமித்துரை என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமல், ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் கையில் இருக்கிறது. நான் குடிப்பதா, திறந்து அவரிடம் கொடுப்பதா, நீங்களே சொல்லுங்கள்.