நாற்பத்தைந்தில் சுற்றும் தட்டு

எனெய்டா தன் நூறு கிலோ உடம்பைத் திரட்டி ஒரு குதி குதித்தாள். கடையின் தரை அதிர்ந்தது. இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்த டர்ன்டேபிளில் ஊசி எகிறி, பாதிப் பாட்டில் வேறு பாட்டுக்குத் தாவியது.

"யம்மா! என்ன பண்றீங்க? அது நாப்பது லட்சம் பெசோ!" கடைக்காரர் ரின்கோன் பதறிப்போய் ஊசியைத் தூக்கினார்.

"நாப்பது லட்சம் கொடுத்துட்டு வீட்ல அசையாம உக்காந்திருக்கணுமாக்கும்?"

ரின்கோன் தலைநகர் பொகோட்டாக்காரர். அவர் ஊரில் நல்ல பாட்டு என்றால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். கொலம்பியாவில் 'காலி' என்ற பெயருடைய இந்த நகரத்தில் கடை போட்டு ஆறு மாதந்தான் ஆகிறது. இங்கே பாட்டு வைத்தால் முதலில் நாற்காலியைத்தான் வெளியே தூக்கிப் போடுவார்கள் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

எனெய்டாவுக்கோ ஞாயிற்றுக்கிழமை தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கியது. ஒப்ரெரோ பேட்டை இசைத்தட்டுச் சங்கம் அன்று அவள் வீட்டில் கூடுகிறது. ஊசி ஒரு தடவை தாவினாலும் கூட்டம் தலைவர் கிளிமாக்கோ வீட்டுக்குப் போய்விடும். போன மாதம் அப்படித்தான் ஆனது. மூன்றாவது பாட்டிலேயே அவளுடைய பழைய பிளேயர் குதித்தது. "பஸ் ஓட்டுற கை வேற, ஊசி வைக்கிற கை வேற, எனெய்டா" என்று கிளிமாக்கோ சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்தார். அவள் சுட்டு வைத்திருந்த, சோமாஸ் மாதிரியான எம்பனாடாவைக் கையில் எடுத்துக்கொண்டே அத்தனை பேரும் அவர் பின்னால் போனார்கள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் அவள் வீட்டுப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.

ரின்கோன் விடவில்லை. "ஊசி மாட்டியிருக்கிற இந்தக் கார்ட்ரிட்ஜைப் பாருங்க. நுனி அவ்ளோ மெலிசா சீவினது. தட்டு மேல ஒன்றரை கிராம்தான் அழுத்தும். பாடகர் மூச்சு இழுக்கிறது வரைக்கும் கேக்கும்."

"அவர் மூச்சு எனக்கு எதுக்கு? எங்க வீட்ல ஆடுறவங்க மூச்சே கூரையத் தூக்குது. சரி, வேகம் மாத்துற பட்டன் எங்க?"

"பட்டன் இல்லம்மா. ரெக்கார்டு வைக்கிற தட்டைக் கழட்டி, அடியில பெல்ட்டை மாத்தி மாட்டணும். அதுதான் சுத்தமான முறை."

"அதுக்குள்ள ஆடுறவன் வீட்டுக்குப் போய் சாப்ட்டு வந்துடுவானே! நிமிஷத்துக்கு முப்பத்திமூணு சுத்து ஓடுற ரெக்கார்டை நாங்க நாப்பத்தஞ்சுல ஓட்டுவோம்."

"அது தப்பான வேகம்மா! பாடகர் குரல் கீச்சுன்னு ஆயிடும்."

"ஆகட்டும். எங்க ஊர்க் காலுக்கு அதான் சரியான வேகம்."

கடைசியில் அவள் மூலையில் கிடந்த கனமான டர்ன்டேபிளைக் காட்டினாள். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் வகை. வேகம் மாற்ற ஒரு பட்டன். கார்ட்ரிட்ஜும் முரட்டு வகை; உருண்டை நுனி, மூன்றரை கிராம் அழுத்தம். மறுபடியும் குதித்தாள். ஊசி அசையவில்லை. ரின்கோன் தன்னை மறந்து தானும் ஒரு குதி குதித்துப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

ஞாயிறு மதியம் வீடு நிரம்பியது. கிளிமாக்கோ வெள்ளைக் காலணியும் தொப்பியுமாக வந்தார். பேட்டையில் வேறு யாரிடமும் இல்லாத இசைத்தட்டு ஒன்றைத் தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கார்ட்ரிட்ஜையும் அதன் அழுத்த அளவையும் குனிந்து பார்த்தவர் முகம் சுளித்தார்.

"மூணரை கிராமா? ஏர் பூட்டி உழப்போறியா என் தட்டை?"

"மெலிசு ஊசி தாவித் தாவிக் கிழிக்கும், அண்ணே. இது தடத்தை விட்டு நகராது. பயமா இருந்தா தலையணைக்குள்ளயே வச்சுக்குங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல் தட்டை நீட்டினார். எனெய்டா அதை விளிம்பைப் பிடித்து வாங்கி டர்ன்டேபிளில் வைத்தாள். 

பாட்டு முப்பத்திமூன்றில் தொடங்கியது. ஜோடிகள் சோம்பலாகத் தோளை அசைத்தார்கள். டிரம்பெட் எழும்பிய நொடியில் எனெய்டா பட்டனைத் தட்டினாள். ஓடுகிற பாட்டு ஓடியபடியே நாற்பத்தைந்துக்கு ஏறியது. பாட்டின் நடுவிலேயே வேகம் இப்படி ஏறுவதை அந்தப் பேட்டை இதுவரை கேட்டதில்லை. ஒரு கூச்சல்! அறுபது கால்கள் ஒரே சமயத்தில் தரையில் இறங்கின. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கழன்று விழுந்தது. அலமாரியில் தம்ளர்கள் கலகலத்தன. எனெய்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியையே பார்த்தாள்.

அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தாவலைடி!" என்று யாரோ கத்தினார்கள். "இன்னும் நல்லா மிதிங்கடா!"

கிளிமாக்கோ சற்று நேரம் விறைப்பாகத்தான் நின்றார். பிறகு வெள்ளைக் காலணி தானாக நகர்ந்தது. இரண்டாவது சுற்றில் தொப்பி விழுந்தது, அவர் எடுக்கவில்லை. கூட்டத்தின் மேல் கையை உயர்த்தி, "பின்பக்கத்தையும் போடு, எனெய்டா! நாப்பத்தஞ்சுலயே போடு!" என்றார்.

சத்தம் கேட்டுத் தெருவே திரண்டு வந்துவிட்டது. உள்ளே நுழைய இடமில்லை. வாசலில் நின்ற அடுத்த வீட்டுக்காரி தன் இசைத்தட்டை முன்னால் நின்றவனிடம் கொடுத்தாள். அது ஆடுகிற தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி எனெய்டாவை நோக்கி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் நாலைந்து.