இரண்டாம் தெருவின் வறுமை முறை

வில்வநகர் இரண்டாம் தெருவில் வறுமை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் என்று புள்ளிவிவரம் வந்திருந்ததால், அதை மாதம் ஒரு வீடாக முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் மண்டகப்படிக்குப் பழகிய தெரு அது. முறை வைப்பது யாருக்கும் புதிதில்லை. மாதம் பிறந்த அன்று காலையில், முந்தின வீட்டிலிருந்து வறுமையைத் தள்ளுவண்டியில் ஏற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நசுங்கிய அலுமினியச் சட்டி, கிழிந்த பாய், ஒழுகும் தகரம், விலா எலும்பு தெரியும் ஒரு நாய். இருமல் மட்டும் வண்டியில் ஏறாது. பின்னாலேயே நடந்து வரும். வீட்டுக்காரர்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு அதை உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.

இதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. முறை வந்த வீட்டுக்கு இலவச அரிசி உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் தெருவின் பெயரில் ஒரு கட்டில் உண்டு. கணக்கில் வறுமையே இல்லையென்றால் இரண்டும் நின்றுபோகும். இரண்டு வீடு என்று ஏறிவிட்டாலோ மனை விலை இறங்கும், பெண் பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்கள். ஒன்று என்பதுதான் தெருவின் கௌரவத்துக்குப் பொருந்திய எண். பல் டாக்டர் தம் முறையின்போது காரில் போய் அரிசி வாங்கி வந்தார். பின் சீட்டில் நாயும் கூடப் போயிற்று.

தெருக்கோடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பேச்சியம்மாளின் முறை ஆடியில் வந்து போய்விட்டது. அந்த மாதம் முழுக்க வண்டியில் வந்த சட்டியும் பாயும் அவளுடைய சட்டியோடும் பாயோடும் கலந்து கிடந்தன. எது தெருவுடையது, எது தன்னுடையது என்று பிரித்துக் கொடுக்க அவளுக்கு அரைநாள் பிடித்தது. மற்ற மாதங்களில் அவள் வசதியானவள். மழைக்காலத்தில் அவள் வீடு ஒழுகாது, தண்ணீர் உள்ளே வந்து போகும். அடுப்பு எரியாத நாளுக்கு விரதம் என்று பெயர். முறை இல்லாத மாதத்தில் ஏழையாக இருப்பது ஒழுங்கீனம் என்று தெருச் சங்கம் தீர்மானம் போட்டபோது அவளும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டியிருந்தாள்.

ஆடி முடிந்ததும் இருமல் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனது. அவள் புருஷன் உச்சிமாகாளியின் இருமல் மட்டும் போகவில்லை. மார்கழியில் அது ரத்தமாக வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தால் பிழைப்பார் என்று கம்பவுண்டர் சொன்னார். மார்கழி முறை நான்காம் எண் வீட்டுக்கு, அதாவது சங்கச் செயலாளர் தாணுலிங்கத்துக்கு.

பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார். தலைமாட்டில் பிளாஸ்க். கழுத்தில் மப்ளர். பேப்பர் படித்துக்கொண்டே முறைக்கு உரிய இருமலை அவ்வப்போது இருமினார்.

“என்ன பேச்சி, வேட்டி தேய்ச்சாச்சா?”

“ஆச்சு அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரருக்கு ரத்தமா வருது. இந்தக் கட்டிலை ஒரு வாரம் விட்டுத் தந்தியன்னா பொழச்சுக்கிடுவாரு.”

“நான் என்ன ஆசைப்பட்டா இங்க வந்து கெடக்கேன்? வீட்டுல தேக்குக் கட்டிலு சும்மா கெடக்கு. இங்க மூட்டைப்பூச்சி ஆளையே தூக்குது. தெருவுக்காகத்தானே பொறுத்துக்கிட்டுக் கெடக்கேன்?”

“உயிர் போற மாதிரி இருமுதாரு அண்ணாச்சி.”

“ஆடியில இருமியிருக்கலாம்லா? ஒரு மாசம் முழுசா உங்க கையில இருந்துதே. அப்ப விட்டுட்டு இப்ப வந்து நின்னா எப்படி?”

“அப்ப லேசாத்தான் இருந்துது.”

“அது உங்க கவனக்குறைவு. இன்னைக்கு உனக்கு மாத்திக் குடுத்தா நாளைக்குப் பல் டாக்டரும் கேப்பாரு. சரி, வேட்டியை மடிப்புக் கலையாம கால்மாட்டுல வை.”

வைத்துவிட்டு வந்தாள்.

நாலாம் நாள் புள்ளிவிவர அலுவலர் சரிபார்க்க வந்தார். நேராக நான்காம் எண்ணுக்குப் போகவேண்டியவர், தெருக்கோடியிலிருந்து தொடங்குவதாகச் சொல்லிவிட்டார். தாணுலிங்கம் கட்டிலைவிட்டு ஆட்டோ பிடித்து ஓடிவந்து, தெருமுனையிலேயே அவரை மறித்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். அலுவலர் தண்ணீரைக் குடித்து வழுக்கையைச் சுரண்டித் தின்று முடிப்பதற்குள் தெரு தன் கடமையைச் செய்தது. பேச்சியம்மாள் வீட்டுக்குள் ஒரு சோபா போயிற்று, ஒரு பிரிட்ஜ் போயிற்று, மீன்தொட்டி ஒன்று மீன்களோடு போயிற்று. இடம் அடைத்துக்கொண்டதால் மாகாளியின் பாயைச் சுருட்ட வேண்டியதாயிற்று. பல் டாக்டர் பெரிய மனது பண்ணித் தம் நாற்காலியைக் கொடுத்தார். அதில் மாகாளியைச் சாய்த்து உட்காரவைத்து, அலுவலர் போகும்வரை இருமக்கூடாது என்று சொல்லிவைத்தார்கள்.

அவர் இருமவில்லை. தெருவிலேயே வசதியான வீடு இதுதான் என்று அலுவலர் குறித்துக்கொண்டார். பிறகு நான்காம் எண்ணுக்குப் போய், நாயைப் பார்த்துவிட்டு, ஒன்று என்று எழுதிக்கொண்டு புறப்பட்டார்.

அவரவர் சாமான்களை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் நாற்காலியை எடுக்க வந்தபோது மாகாளி அதில் செத்துப்போயிருந்தார்.

பேச்சியம்மாள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். தாணுலிங்கம் அவளை நிறுத்தச் சொன்னார். அந்த வருடப் புள்ளிவிவரத்தில் தெருவுக்கு ஒரே ஒரு சாவுதான் வந்திருந்தது. அதுவும் சீட்டுக் குலுக்கி, பங்குனி மாதம் நான்காம் எண் வீட்டுக்கு என்று எப்போதோ முடிவாகியிருந்தது.

“கொஞ்சம் எந்திரிங்க, நாற்காலி வேணும்” என்றார் டாக்டர்.

மாகாளி எழுந்துகொண்டார். மறுநாள் காலையில் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறினார். முன்னைவிட வேகமாகத் தேய்த்தார். சாப்பாடு கேட்கவில்லை, இருமவும் இல்லை. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். சங்கச் சந்தாவும் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள். ராத்திரியில் அவர் பக்கத்தில் படுக்கும்போது குளிர்ந்தது. பேச்சியம்மாள் இஸ்திரிப் பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

மாசி கடைசியில் தாணுலிங்கம் வண்டிப் பக்கம் வந்தார். அவர் மனைவி முன்னெச்சரிக்கையாகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான்காம் எண்ணில் அவர் ஒருவர்தான் பாக்கி.

“பேச்சி, ஒரு விஷயம். ஒன் வீட்டுக்காரரு எப்படியும் தயாராத்தான் இருக்காரு. பங்குனி முறையை நீங்க எடுத்துக்கிட்டா என்ன? மேளம், தேர்ப்பாடை எல்லாம் என் செலவு.”

பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்லுதிய?”

“பெட்டி சூடாயிட்டு. அடுத்த துணியைக் குடு” என்றார் மாகாளி.

அவள் துணியைக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: “எப்படி அண்ணாச்சி? இன்னைக்கு உங்களுக்கு மாத்திக் குடுத்தா நாளைக்குப் பல் டாக்டரும் கேப்பாரு.”

தாணுலிங்கம் சற்று யோசித்தார். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

“அதுவும் சரிதான். அந்த வேட்டி ஆயிட்டா?”

“ஆயிட்டு.”

பங்குனி பிறந்த அன்று காலையில் தள்ளுவண்டி வந்தது. அதில் மூங்கிலும் பச்சை ஓலையும் ஒரு சங்கும் இருந்தன. தாணுலிங்கம் தாமே வாசல் தெளித்து, மடிப்புக் கலையாத வேட்டியோடு நின்று அதை உள்ளே அழைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தூக்குவதற்கு ஓர் ஆள் குறைந்தது. மாகாளி இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்த் தோள் கொடுத்தார்.