முதல் உதை

உறங்கும் இரும்பை ஒரே உதையில் எழுப்பத் தெரிந்தவன் எவனோ, அவனே மனிதரில் முன்னால் போகத் தகுந்தவன். இதைச் சொன்னது சித்தர் யாருமில்லை. பருத்திப்பட்டு பழைய பைக் பேரவையின் தலைவர் பரந்தாமன், கக்கூஸில் உட்கார்ந்தபடி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டது. குழுவிலிருந்த அத்தனை பேரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டார்கள். எழுந்து நிற்காமலே மரியாதை செய்ய அதைவிட வசதி வேறில்லை.

பரந்தாமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் உதவி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் நடந்து வந்தால் நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்கும். வீட்டில் மனைவி சாமுண்டீஸ்வரி சோபாவில் நீட்டிய காலைக்கூட மடக்குவதில்லை. இந்தக் கொடுமை தாங்காமல்தான் பேரவை பிறந்தது. பேரவைக்கு ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குப் பழைய வண்டி வேண்டும், வண்டிக்கு ஒரு தத்துவம் வேண்டும். முதல் இரண்டும் அலைந்து திரிந்து சேர்த்தவை. மூன்றாவது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

“ராத்திரி பூரா ஆயில் அடியில தூங்கிகினு கீது. எழுந்த உடனே முறுக்குனா பிஸ்டன் அழும்பா, அழும்! சோக்கை இழு. மெதுவா உதை. அப்புறம் கொழந்தைக்குப் பால் குடுக்குற மாதிரி உட்டுடணும்” என்பார்.

இதில் பாதி உண்மைதான். அந்தப் பாதிக்காகத் தெரு முழுக்கத் தினமும் விடியலில் புகை குடித்தது. மேல்வீட்டுக் கைக்குழந்தை இருமியே பேசக் கற்றுக்கொண்டிருந்தது. மார்கழி வந்துவிட்டால் பால் கொடுக்கும் படலம் இன்னும் நீளும். சென்னையின் மார்கழி எவ்வளவு கொடூரமானது என்றால், மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டியிருக்கும். அதற்கே பரந்தாமன் குரங்குக் குல்லாயும் தோல் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு, பனிமலை எல்லையைக் காக்கும் தளபதி மாதிரி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்.

பேரவைக்கு ஒரு சடங்கு உண்டு; அவரே ஏற்படுத்தியது. பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு எல்லாரும் பாரிவாக்கம் வழியாகப் பூந்தமல்லி போய் பிரியாணி தின்றுவிட்டுத் திரும்புவார்கள். இதற்கு ஊர்வலம் என்று பெயர். முதல் நாள் சாயங்காலமே வண்டிகளைப் பரந்தாமன் வீட்டெதிரே ஏரியோரக் காலிமனையில் வரிசையாக நிறுத்திவிட வேண்டும். மேலே பேரவைச் சின்னம் அச்சடித்த கறுப்பு உறை, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. இரவெல்லாம் பனியில் கிடந்த வண்டியை விடிந்ததும் சபை முன்னால் உதைக்க வேண்டும். முதல் உதையில் கிளம்புகிற வண்டிதான் ஊர்வலத்தில் முன்னால் போகும். மற்ற கிழட்டு வண்டிகள் நாலைந்து உதை கேட்கும், இரண்டு கெட்ட வார்த்தை கேட்கும். பரந்தாமனின் வண்டி மட்டும் வருடா வருடம் ஒரே உதையில் குரல் கொடுக்கும்.

இந்த வருடம் ஹபிபுல்லா ஒரு கொக்கி போட்டார். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஹபிபுல்லாவும் லேசுப்பட்டவர் இல்லை. தன் வண்டியை ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டினதாகச் சொல்லுவார். அந்த வண்டி தயாரானபோது துரைமார் ஊருக்குப் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

“முன்னால போறவன்தான் தலைவன்னு நீயே எழுதிகீறியே, தலைவரே. அப்ப இந்த வருசம் முன்னால போறவருக்கே தலைவர் பதவி. இன்னா சொல்ற?”

அத்தனை பேர் பார்க்கும்படி கேட்டுவிட்டார். முடியாது என்றால் மானம் போகும். “எனக்கு இன்னா பயம் பாய்?” என்றார் பரந்தாமன். பயம்தான். அந்தப் பதவி போனால் அவருக்கு மிஞ்சுவது அந்த சோபாவும் அதன்மேல் நீட்டிய இரண்டு கால்களும்தான்.

அவருடைய முதல் உதையின் ரகசியம், சாமுண்டீஸ்வரி முட்டிவலிக்கு வைத்திருந்த ரப்பர் ஒத்தடப் பை. ஊர் எழுந்திருக்குமுன் அதில் கொதிநீர் ஊற்றி எடுத்துப் போய், உறைக்குள் கையை விட்டு, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் செருகிவிடுவார். குளிர்ந்த இன்ஜினின் குருநாதர் ஒரு நாள்கூடச் சபை முன்னால் குளிர்ந்த இன்ஜினை உதைத்ததில்லை.

இந்த வருட ஊர்வலத்தன்றும் அப்படியே, வரிசையின் கோடியில் தான் நிறுத்திய வண்டிக்கு ஒத்தடம் கொடுத்தார். பையை உருவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பப் பார்த்தபோது, “குட்மார்னிங் அங்கிள்!” என்று குரல் வந்தது. லாவண்யா. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அப்பாவின் வண்டியை வைத்துக்கொண்டு பேரவையில் சேர்ந்தவள். பரந்தாமன் பையை ஜாக்கெட்டுக்குள் திணித்து, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தார்.

“குளுருதா அங்கிள்?”

“இது குளுரே இல்லம்மா. நானெல்லாம் பார்க்காத குளுரா?” வயிற்றில் தோல் வெந்துகொண்டிருந்தது.

மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பொருளாளர் தினகரன் விசில் ஊதினான். உறைகள் விலகின. கோடியில் நின்றது ஹபிபுல்லாவின் வண்டி.

பரந்தாமன் தினகரன் பக்கம் திரும்பினார். “என் வண்டி எங்கடா?”

“அதோ, பக்கத்துல கீதே. நேத்து சாயங்காலம் தண்ணி லாரி உள்ள வந்துச்சு அண்ணாத்தே. ரெண்டையும் நகத்துனேன். திருப்பி வெக்கறப்ப எடம் மாறிப்போச்சு. நீ உள்ள ஏதோ ஸ்பீச் எழுதிகினு இருக்கன்னு அண்ணி சொன்னாங்க, அதான் கூப்பிடல.”

எழுதிக்கொண்டிருந்தது ஏற்புரை.

ஹபிபுல்லா பிஸ்மில்லா சொல்லிவிட்டு ஒரு உதை விட்டார். வண்டி கிளம்பிவிட்டது. ஒத்தடம் இல்லாவிட்டாலும் கிளம்பியிருக்கலாம். அந்தக் காலையில் ஏரியோரம் நாய்களே வெயிலுக்கு நிழல் தேட ஆரம்பித்திருந்தன. ஆனால் பரந்தாமன் தன் தத்துவத்தைத் தானே நம்புகிறவர்.

“செல்லாது!” என்று பாய்ந்தார். “அந்த இன்ஜின் சூடா கீது. லாவண்யா, தொட்டுப் பாரும்மா!”

லாவண்யா தொட்டாள். “ஓடுற இன்ஜின் சூடாத்தான் இருக்கும் அங்கிள்.”

“அதுக்கு முன்னாலயே சூடு!”

“உனக்கு எப்படித் தெரியும் தலைவரே?” என்றார் ஹபிபுல்லா. கோபமே இல்லாமல், மெத்தை விலை சொல்கிற நிதானத்தோடு கேட்டார்.

பரந்தாமன் ஒன்றும் நடக்காதவர்போல் தன் வண்டியிடம் போனார். அதுவும் முதல் உதையில் கிளம்பிவிட்டால் சமம், பதவி தப்பும். சோக்கை இழுத்தார். கண்ணை மூடினார். உதைத்தார்.

வண்டி செருமியது.

“இது கணக்கில்ல. சும்மா பதம் பார்த்தேன்.”

“பாரு மாமே, பாரு. நாங்களும் பார்த்துகினுதான் கீறோம்” என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

மறுபடி உதைத்தார். ஒன்றுமில்லை. மூன்றாவது உதைக்கு எம்பி, தொப்பையும் பதவியும் சேர்ந்த முழுக் கனத்தையும் கிக்கர் மேல் இறக்கினார். ஜாக்கெட்டுக்குள் எதுவோ ‘ப்ளக்’ என்றது. வெதுவெதுப்பாக ஒரு நதி தொப்புளில் புறப்பட்டு, இரண்டாகப் பிரிந்து, பேண்ட் வழியே இறங்கி, ஷூவைச் சுற்றித் தேங்கியது.

சிரிப்பு நின்றது.

“அங்கிள், லேசா ஆவி வருது” என்றாள் லாவண்யா.

ஹபிபுல்லா கிட்டே வந்தார். பேண்ட்டைப் பார்த்தார், புடைத்திருந்த ஜாக்கெட்டைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த தன் வண்டியையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “இன்னா தலைவரே இது? ஜாக்கெட்டுக்குள்ள இன்னா வெச்சிகினு கீற? ஜிப்பை எறக்கு.”

பரந்தாமன் ஜிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இறக்கினால் பை தெரியும். பை தெரிந்தால் இத்தனை வருடத்து முதல் உதையும், தினசரித் தத்துவமும், உறங்கும் இரும்பும் எல்லாம் இந்தத் தரையிலேயே ஓடிவிடும். பதவி போனது போனதுதான். ஞானி என்ற பெயராவது மிஞ்ச வேண்டாமா?

அவர் நிமிர்ந்து நின்றார்.

“உள்ள ஒண்ணுமில்ல பாய். எனக்கு அடக்க முடியறதில்ல. வந்துடுது.”

லாவண்யா ஏரியைப் பார்த்தாள். தினகரன் கழுத்துத் துண்டை எடுத்து நீட்டினான். ஹபிபுல்லா தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, “உடம்பைப் பாத்துக்க” என்று சொல்லி வண்டியில் ஏறினார்.

ஊர்வலம் பூந்தமல்லி போய்ச் சேருவதற்குள், பரந்தாமன் பேண்ட்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டார் என்பது வராத உறுப்பினர்களுக்கும் தெரிந்துவிட்டது. சந்தேகப்பட்டுக் கேட்டவர்களுக்கு அவரே போன் போட்டு, ஆமாம் என்று சொன்னார்.