வசதியான விளிம்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்குடைப்பில் கிடைத்தது. முன்பு எழுதிய கதையொன்றில், ஒரு தொழிலாளி 'மிகச் சரியாக இருபது மில்லிமீட்டரில்' துளை போட்டதாக எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். ஒரு பட்டறையில் தர ஆய்வாளராக இருந்த பெண் அதைப் படித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா இருபதுன்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எங்கிருந்து அளக்கணும்? இதச் சொல்லலேன்னா அது அளவே இல்ல, வெறும் பேச்சு."

வாயை மூடிக்கொண்டு அவள் கதையைக் கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'எஃகின் மணம் கமழும் அந்த இளங்காலையில் —'

வேண்டாம். அங்கே வந்தது எண்ணெய் நாற்றம்தான்.

அவள் மேசையில் நாற்பது இரும்புத் தட்டுகள் இருந்தன. லிப்டின் பிரேக்குக்குப் போகிறவை. பட்டறை அவளுடைய அக்கா கணவருடையது. வேலை போட்டுக் கொடுத்தவர் அவர். நாளுக்கு இரண்டு முறை அதை நினைவூட்டுபவரும் அவரே.

தட்டின் நான்கு துளைகளையும் நடுத்துளையிலிருந்து அளக்க வேண்டும் என்கிறது டிராயிங். (அளவு தொடங்கும் இடத்துக்கு டேட்டம் என்று பெயர். ஒரு கட்டத்துக்குள் ஓர் எழுத்தாக நிற்கும். பட்டறையில் அதைப் பார்த்தவர்கள் பலர். படித்தவள் அவள் ஒருத்தி.) பிடிக்க வசதியென்று வெளிவிளிம்பைப் பிடித்துத் துளைத்திருந்தார்கள். விளிம்போ வார்ப்பில் வந்தபடியே கோணலாகக் கிடந்தது. அந்தக் கோணலிலிருந்தே அளந்து 'சரி' என்றும் எழுதிவிட்டார்கள். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திய கதை.

அவள் நடுத்துளையிலிருந்து அளந்தாள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் விலகலாம். அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது.

3

"அரை மில்லிமீட்டர். ஏழு தலைமுடி கனம். அதுக்கா சரக்கு ஏத்த வந்த லாரிய நிறுத்தச் சொல்ற?" என்றார் அத்தான்.

"விலகலாம்னு டிராயிங் விட்டதப் போல அஞ்சு மடங்கு, அத்தான்."

"விளிம்புலேருந்து பாரேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"விளிம்பு எதுலயும் உட்காரப் போறதில்ல. நடுத்துளைதான் தண்டுல உட்காருது."

அவர் டிராயிங் போட்ட வடிவமைப்பாளருக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி வைத்தார்.

(இப்படியொரு வடிவமைப்பாளர் இருப்பாரென்று நான் முதலில் நம்பவில்லை. கொஞ்சம் மெருகேற்றலாமென்று 'வேலைப்பளுவால் களைத்த நல்ல மனிதர் —' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவர் களைத்திருக்கவில்லை.)

"அந்தக் கட்டமா? பழைய டிராயிங்லேருந்து கூடவே வந்தது. கண்டுக்காதீங்க."

"அப்ப அத எடுத்துட்டு, கையெழுத்துப் போட்டுத் திருத்தின டிராயிங் அனுப்புங்க, சார்."

"அதுக்கு எனக்கு அதிகாரமில்லியே."

"புரியாமலே போட்டு வைக்கறதுக்கு மட்டும் இருந்துச்சா?"

4

அவள் சிவப்புப் பெயின்டை எடுத்தாள். சிவப்புக் கோடு விழுந்த தட்டு உலைக்குத்தான் போகும். ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கோடு போட்டாள். நாற்பதும் முடியும்வரை அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைலேருந்து வராத."

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "உங்க அத்தான் சாப்பிடாம உக்காந்திருக்காரு. ஏழு முடி உன் கண்ணுல அப்படியா உறுத்துச்சு?"

"நீ தினம் போற லிப்டுக்கும் எவளோ ஒருத்தி இப்படி அளந்திருப்பாக்கா."



5

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில், கண்ணில் படாமல் தப்பிய ஒரு தட்டினால் லிப்ட் விழுகிறது. அத்தான் அழுதுகொண்டு வருகிறார். இன்னொன்றில், பெரிய நிறுவனம் ஒன்று அவளைக் கூப்பிட்டு —

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் செய்தது சரியென்று நம்ப உங்களுக்கு ஒரு பிணம் வேண்டுமா? இல்லை, ஒரு பரிசு? நாற்பது தட்டுகளும் உருகின. எந்த லிப்டும் விழவில்லை. நடக்காத விபத்துக்கு எவன் வந்து சாட்சி சொல்வான்?

அத்தான் திருந்தவில்லை. மறுநாளே, 'சொன்ன பேச்சைக் கேட்கிற' ஆய்வாளர் தேவையென்று வாசலில் அட்டை தொங்கவிட்டார். மத்தியானத்துக்குள் அங்கே வரிசை நின்றது. அதில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று நீங்களே எழுதி முடித்துக்கொள்ளுங்கள்.