மீன் பிடிக்கப் போனவனும் எர்லீனும்

காலை ஐந்தேகாலுக்கு இறைச்சி ஆலையில் முதல் கோழி கொக்கியில் தொங்கியபடி என் முன்னால் வந்தது. நிமிடத்துக்கு நாற்பது வரும். தோளில் ஒரு வெட்டு, நெஞ்சோரம் ஒரு வெட்டு, இழு, போடு. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகும் குளிர். தரையெங்கும் கொழுப்பும் தண்ணீரும்.

என் பக்கத்து இடத்தில் முன்பு எர்லீன் நின்றாள். பதினேழு மாதங்களுக்கு முன் ஒருநாள் அவள் கையைத் தூக்கினாள். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் மாற்று ஆள் நிறுத்த வேண்டும், அதுதான் விதி. மேற்பார்வையாளன் டுவைட் பார்த்தான், பார்க்காதவன்போல் நடந்தான். நாற்பது நிமிடம் பொறுத்துவிட்டு, அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரி கத்தியை வைத்துவிட்டுக் கிளம்பினாள். பத்தடி போவதற்குள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையம் அவள் பக்கம் நின்றது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. சென்ற செவ்வாய்க்கிழமை மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர் கம்பெனி பக்கம்.

"நாலு தடவை படிச்சுட்டேன் நெல்டா," என்று நேற்று மாலை தன் வீட்டில் எர்லீன் அந்தத் தீர்ப்பின் பதினோரு பக்கங்களை என்னிடம் நீட்டினாள். "நான் கைய தூக்கிட்டு நின்னது ஒத்த வரிதான் இருக்கு. நீயே பாருடி."

இன்று எட்டு மணி இடைவேளையில் சாப்பாட்டு அறையில் அதை உரக்கப் படித்தேன். கேள்வி ஒன்றே ஒன்று: விழுந்த நொடியில் அவள் வேலையில் இருந்தாளா, இல்லையா? அனுமதியின்றித் தன் விருப்பப்படி விலகியதால் வேலையில் இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஆதாரமாக ஒரு பழைய வழக்கு. மரம் அறுக்கும் மில்லின் தொழிலாளி ஒருவன் வேலை நேரத்தில் மீன் பிடிக்கப் போய் ஆற்றில் மூழ்கிய வழக்கு.

"மீன் பிடிக்கப் போனவனும் எர்லீனும் ஒண்ணா?" வரிசையில் எனக்கு அடுத்து நிற்கும் டெல்பர்ட் மேசையில் குத்தினான். "இவ என்ன, தூண்டிலா எடுத்துட்டுப் போனா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே செத்தது.

மூன்றாவது நீதிபதியின் மாறுபட்ட தீர்ப்பு இரண்டே பக்கம். "வேலைக்கு வருபவர் தன் உடலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை."

"அதத் திரும்பப் படி," என்றாள் ரொசாரா. குவாத்தமாலாவிலிருந்து வந்தவள், அதிகம் பேசாதவள். படித்தேன்.

"தோத்த பக்கத்து எழுத்து. அத வெச்சு என்ன பண்றது?" என்றான் டெல்பர்ட்.

"எர்லீனோட வக்கீல் அத வெச்சுத்தான் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதுறாரு. எடுத்துக்கிட்டாலும் உண்டு, தள்ளுனாலும் உண்டு. ஒரு வருஷம் ஆகுமாம்," என்றேன்.

"ஒரு வருஷமும் அடக்கிட்டு நிக்கணுமா?" என்றாள் ரொசாரா.

 இடைவேளை முடியும் மணி அடிப்பதற்குள் என்ன செய்வதென்று பேசி முடித்துவிட்டோம்.

பத்து மணிக்கு ரொசாரா கையைத் தூக்கினாள். டுவைட் வழக்கம்போல் முதுகைக் காட்டினான். பத்து நிமிடம் பார்த்தோம். டெல்பர்ட் கத்தியை வைத்தான். நான் வைத்தேன். வரிசையில் இருந்த இருபத்திரண்டு பேரும் வைத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் கிளம்பினோம். வெட்டாத கோழிகள் ஆடியபடி எங்களைக் கடந்து போயின.

மேலாளர் ஹாஸ்க்யூ ஓடிவந்தார். "என்ன கூத்து இது? யாரு உங்கள அனுப்புனது?"

"ஒண்ணுக்கு வந்தா யாரும் அனுப்ப வேணாம் சார்," என்றேன்.

"கோர்ட்டே சொல்லிடுச்சு. அனுமதி இல்லாம போனா அது உங்க சொந்த விஷயம். விழுந்தா கம்பெனி பொறுப்பில்ல."

"தெரியும் சார். அதான் கையப் பிடிச்சுக்கிட்டுப் போறோம்," என்றாள் ரொசாரா.

"டுவைட், எல்லார் பேரையும் எழுது!"

"பிழையில்லாம எழுதுப்பா," என்று டெல்பர்ட் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.

நாளை வேலை இருக்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ரொசாராவின் முழங்கையை நான் இறுகப் பற்றியிருந்தேன். என் முழங்கையை டெல்பர்ட். கொழுப்பின் மேல் அடி மேல் அடி வைத்து நடந்தோம். பாதி தூரத்தில், அடுத்த வரிசையில் யாரோ கத்தியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.